மலைவாயிலில் பாதி படித்து நின்ற ஓலை

“நிறுத்துங்கய்யா. அடுத்த வரியைப் படிச்சிடாதீங்க.”

“அரசர் ஓலையை நடுவில் நிறுத்தும் வழக்கம் இல்லையே, அம்மா.”

“வழக்கம் இருக்கட்டும். எந்தெந்தக் கல்லுக்கு வெள்ளை அடிச்சீங்க, அதை முதல்ல சொல்லுங்க.”

நீர் வற்றாத ஏழு ஏரிகளுக்கும், பூட்டுப் போட்டறியாத நெற்களஞ்சியங்களுக்கும், நியாயம் கேட்டு வந்தவரை வெயிலில் நிறுத்தாத அவைக்கும் உரியவரும், சொன்ன சொல்லைத் தேயவிடாதவருமான பேரரசர் வேழக்கோ நெடுங்கீரனார் திருமுன்பு, பொற்பூ அதிகாரி நப்பூதன் மலைவாயில் ஊரிலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. அரசர் நலம் பெருகுக. அரசியார் நலம் பெருகுக. தலைநகரில் இந்நேரம் கொன்றை பூத்திருக்கும். அது அடுத்த ஆண்டும் அந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டும் அரசர் கண் காணப் பூக்கட்டும்.

ஓலை வாழ்த்தில் தொடங்காமல் வாக்குவாதத்தில் தொடங்குவது கண்டு பேரரசர் வியக்கலாம். படிப்பு நின்றுபோன அரச ஓலையைப் பற்றி எழுதுகிறவர், எந்தச் சொல் அதை நிறுத்தியதோ அந்தச் சொல்லையே முதலில் வைத்து, பேசியவர் பேசியபடி எழுதவேண்டும் என்று அரண்மனை ஓலைவிதி கூறுகிறது. அந்த விதி எழுதப்பட்டு நூறாண்டுக்கு மேல் ஆகியும் அதைப் பயன்படுத்தும் நிலை எவருக்கும் வந்ததில்லை, நப்பூதனுக்கு வந்திருக்கிறது. அரசர் பெயரால் பயணம் போகிறவன் தன்னை ‘நான்’ என்று எழுதலாகாது என்பதும் விதியே. ஆகவே இனி வருவது எல்லாம் நப்பூதன் என்கிற ஒருவனுக்கு நடந்ததாகவே வரும். அவன் செய்த பிழையும் அப்படியே வரும்.

ஆறாண்டுக்கு ஒருமுறை, ஊருக்குத் தொண்டு செய்து உயர்ந்தவர்களுக்கும் கலையில் சிறந்தவர்களுக்கும் அவரவர் ஊரிலேயே, அவரவர் மக்கள் நடுவிலேயே பொற்பூ சூட்டுவது வேழநாட்டு மரபு. இவ்வாண்டு நான்கு ஊர்களுக்குப் பூ எடுத்துச் செல்லும் பேறு நப்பூதனுக்குக் கிடைத்தது. முதல் மூன்று ஊர்களிலும் எல்லாம் இனிதே நடந்தது. வறண்ட ஏரிக்கு இரண்டு குன்றுகளைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக் கொணர்ந்த முதியவர், பூவைச் சூடியதும் கையிலிருந்த மண்வெட்டியை மகனிடம் கொடுத்துவிட்டு, நாற்பது ஆண்டுக்குப் பிறகு இன்றுதான் முதுகு நிமிர்ந்தது என்று சொல்லிச் சிரித்தார். அம்மை கண்ட ஊரை விட்டு எல்லோரும் ஓடியபோது தங்கியிருந்து கஞ்சி காய்ச்சி ஊற்றிய சகோதரிகள் இருவரும் ஒரே பூவை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். ஊர் ஊராய் வாசித்து அலைந்த குழல்காரர், அரண்மனையில் தமக்கு ஒரு கூரை உண்டு என்று கேட்டதும் அழுதுவிட்டார்.

ஓலையின் கடைசி இரண்டு வரிகள் எல்லோருக்கும் பொதுவானவை. வேழநாட்டில் அவற்றை அறியாதவர் இல்லை. கலைக்காகப் பூப்பெற்றவர் கை அன்று முதல் அரண்மனைக்கு உரியது. அரசர் ஆணையின்றி அந்தக் கை வேறெங்கும் தொழில் செய்யலாகாது. தொண்டுக்காகப் பூப்பெற்றவர் கைக்கு அன்று முதல் ஓய்வு. அதுவரை செய்த வேலையை அவர் மறுபடி செய்ய ஊரார் விடலாகாது. இரண்டும் அன்பினால் பிறந்த விதிகள். மண்வெட்டிக்காரரையும் குழல்காரரையும் பார்த்தபோது நப்பூதனுக்கு அந்த விதிகளை எழுதிய முன்னோரை வணங்கத் தோன்றியது.

நான்காவது ஊர் மலைவாயில். ஓலையின் மேலுறையில் ‘எயினி’ என்ற பெயரும் ஊரும் மட்டும் இருந்தன. அவர் என்ன செய்தார் என்பது அரக்கு முத்திரைக்கு உள்ளே இருந்தது. ஊர் நடுவே உடைத்துப் படிக்கும்வரை சுமந்து செல்பவனுக்கும் அது தெரியக்கூடாது என்ற மரபின் பொருட்டு, நப்பூதனும் அறியவில்லை, அவனோடு போன எவரும் அறியவில்லை. இந்த அறியாமையைத் தன் பிழைக்கு மறைப்பாக அவன் எடுத்துவரவில்லை. ஆனாலும் நடந்தது புரிவதற்கு இதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

மலைவாயிலுக்குப் போக முக்கவர்க் கணவாயைக் கடக்கவேண்டும். இரண்டு நாள் நடை. பாதை எங்கும் கவைகவையாகப் பிரியும். ஒரு கிளை ஊருக்குப் போகும், மற்றது காட்டுக்கோ வறண்ட ஓடைக்கோ போய் முடியும். பிரியும் இடம்தோறும் ஆள் உயரக் கல் ஒன்று நிற்கிறது. பொற்பூ வரும் வழியில் கறை இருக்கலாகாது என்பதால், வெள்ளையடிப்போர் பத்துப் பேர் வழக்கம்போல் பல்லக்குக்கு முன்னே போனார்கள். அவர்கள் தலைவன் ஆமூரன். இருபது ஆண்டாக அரண்மனைச் சுவர்களுக்கு வெள்ளையடித்தவன். சொன்னதைச் சொன்னபடி செய்பவன்.

ஐந்தாவது கல்லருகே அவன் பல்லக்கை நிறுத்தினான்.

“ஐயா, வழியில ஒவ்வொரு கல்லுலயும் ஏதோ எழுதியிருக்கு. இதுல ஒரு மயில். நல்லாத்தான் இருக்கு. அடிச்சிடவா?”

நப்பூதன் இறங்கிப் பார்த்தான். காவியும் கரியும் கொண்டு எழுதிய மயில். தோகை தரையில் இழைய, கழுத்தை மட்டும் இடப்பக்கம் திருப்பி, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டது போல நின்றது. அவன் அதன் முன் சற்று நேரம் நின்றதும் உண்மை; அழகு என்று வாய்விட்டுச் சொன்னதும் உண்மை.

“ஆனால் விதிக்குக் கண் இல்லை, ஆமூரா. அடித்துவிடு,” என்றான்.

அது நல்ல சொல்லாக இருக்கிறதே என்று பல்லக்கில் ஏறிய பிறகு தன்னையே மெச்சிக்கொண்டான். அரண்மனை வழிகாட்டிகள் இருவர் முன்னே போனதால், கல்லைப் பார்த்து வழி தேட வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. கணவாயின் கடைசிக் கல்வரை முப்பத்தொரு கற்களும் வெண்மையாயின.

முழுநிலவு நாளன்று காலை, மலைவாயில் ஊரவை கூடியது. ஊர்த்தலைவர் பெருங்கொற்றனார் தோரணம் கட்டியிருந்தார். கொல்லர் தழும்பன் புதிதாக அடித்த இரும்பு விளக்கை நட்டு வைத்திருந்தார். எயினி என்பவர் நாற்பது வயதை எட்டிக்கொண்டிருக்கும் பெண். நல்ல சேலை உடுத்தி வந்திருந்தாலும் விரல் நகங்களின் ஓரத்தில் செம்மண் நிறம் போகாமல் இருந்தது. செம்மண் வயலில் வேலை செய்த கறையாக இருக்கலாம் என்று நப்பூதன் நினைத்தான்.

அவன் முத்திரையை உடைத்துப் படித்தான்.

“மலைவாயில் ஊரில் வாழும் எயினி என்பார், எழுத்தறியாத மக்களும் வழி அறியவேண்டும் என்று கருதி, முக்கவர்க் கணவாயின் முப்பத்தொரு கல்லிலும் ஒவ்வோர் உயிரை எழுதி, அவ்வுயிர் நோக்கும் திசையே ஊர் இருக்கும் திசையாக அமைத்து, மழை கழுவியதை ஆண்டுதோறும் மீண்டும் எழுதி, பத்தொன்பது ஆண்டுகளாக அந்தக் கணவாயில் ஒருவரும் வழி தவறாமல் காத்தமையால்…”

முதல் வரியை உரக்கப் படித்தவனின் குரல் போகப் போகத் தாழ்ந்தது. கடைசிச் சொல் அவன் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. பின்னால் நின்ற ஆமூரன், தனக்குத் தானே சொல்வதாக நினைத்துக்கொண்டு, “அதுக்கெல்லாம் நாமதான்யா வெள்ளை அடிச்சோம்,” என்றான். அவை அமைதியாக இருந்ததால் அது கடைசி வரிசைவரை கேட்டது.

அப்போதுதான் எயினி எழுந்து, இவ்வோலையின் தொடக்கத்தில் உள்ள சொற்களைச் சொன்னார்.

“எல்லாக் கல்லுக்கும் அடித்தோம்,” என்றான் நப்பூதன்.

“முப்பத்தொண்ணுக்குமா?”

“முப்பத்தொன்றுக்கும்.”

“தண்ணி ஊத்தித் தேச்சா போகுமா?”

அதற்கு ஆமூரன் பதில் சொன்னான். “போகாதுங்கம்மா. அரண்மனைச் சுண்ணாம்பு. கடுக்காயும் பனைவெல்லமும் போட்டு அரைச்சது. மழைக்கே அசையாது.” இத்தனை நாளும் பெருமையாகச் சொன்ன செய்தியை அன்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

எயினி கோபப்படவில்லை. ஊர்த்தலைவர் பக்கம் திரும்பினார்.

“உப்புக்காரங்க வந்துட்டாங்களாண்ணே?”

பெருங்கொற்றனாருக்கு முகம் மாறியது. கடற்கரையிலிருந்து கழுதைகளில் உப்பு ஏற்றி வரும் உமணர் கூட்டம் முழுநிலவுக்கு முந்தின நாளே ஊர் வந்து சேர்வது வழக்கம். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது; கல்லில் இருக்கும் உயிரைத்தான் தெரியும். விழாப் பரபரப்பில் அவர்கள் வராததை எவரும் கவனித்திருக்கவில்லை.

“வரலையே, எயினி. ஒன்பது பேரு வரணும். இன்னும் வரலை.”

“அப்போ நான் போறேன்.”

இந்த இடத்தில்தான் நப்பூதன் தன் கையில் இருந்த ஓலையின் எடையை உணர்ந்தான். மீதி இரண்டு வரிகள். படித்தால் பத்து மூச்சில் முடிந்துவிடும். முடிந்தால் அவர் கை கட்டுப்படும். எழுதுவது கலை என்றால் அது அரண்மனையின் கை. தொண்டு என்றால் அது ஓய்வு பெற்ற கை. எந்த வரியாக இருந்தாலும், எந்த வேலைக்காக அவரைப் போற்றுகிறோமோ அந்த வேலை அத்தோடு நிற்கும். படிக்காமல் நிறுத்தினால் அரசர் சொல் பாதியில் தொங்கும்.

“ரெண்டு வரிதானே, படிச்சு முடிச்சிடுங்க. வேற யாராவது போய் எழுதட்டும்,” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

“யாரு, நம்ம தழும்பனா?” என்றார் பெருங்கொற்றனார்.

கூட்டம் சிரித்தது. மூன்றாண்டுக்கு முன் எயினி காய்ச்சலில் கிடந்தபோது, கொல்லர் தழும்பன் போய் ஒரு கல்லில் மான் எழுதினாராம். அது மானா நாயா என்று வழிப்போக்கர்கள் அரைநாள் வாதாடியிருக்கிறார்கள். கடைசியில் மான்தான் என்று முடிவாகி, எது தலை எது வால் என்று அடுத்த வாதம் எழுந்ததாம்.

“வாலைத் தலைன்னு எடுத்துக்கிட்டுப் போனது அவங்க தப்பு,” என்றார் தழும்பன். “என் மான் சரியாத்தான் பாத்துச்சு. அக்கா, வா போகலாம். பானையை நான் தூக்கிக்கிறேன். தூரிகையை மட்டும் எங்கிட்டக் குடுத்துடாதே.”

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் நப்பூதனைப் பார்த்தார்கள். பூப்பெறுபவர் தம் வாயால் கேட்டால் படிப்பை நிறுத்தலாம் என்று ஒரு விதி உண்டு. அடுத்த அமாவாசைக்குள் முடிக்காவிட்டால் முழுதும் படித்ததாகவே கொள்ளப்படும் என்று அதே விதி முடியும். இளமையில் ஓலைப்பள்ளியில் அதை மனப்பாடம் செய்தபோது, இப்படிக் கேட்கக்கூடிய மனிதர் யார் இருக்கப்போகிறார் என்று நப்பூதனும் அவன் தோழர்களும் பேசிக்கொண்டது உண்டு.

அவன் படிப்பை நிறுத்தினான்.

தொடங்கிய அரச ஓலையைத் தரையிலோ பலகையிலோ வைக்கலாகாது. முடியும்வரை உயிருள்ள கையில்தான் இருக்கவேண்டும். நப்பூதன் அதை ஏந்தியபடி அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் வெள்ளையடிக்கச் சொன்னவன் ஓலையைக் காரணம் காட்டி நிழலில் நிற்பது சரியாகப் படவில்லை. அவன் தயங்குவதைக் கண்ட பெருங்கொற்றனார் இரு கைகளையும் நீட்டினார்.

“குடுங்க ஐயா. ஊரே மாத்தி மாத்திப் பிடிச்சுக்குது. கீழ விழாது.”

ஓலை அவர் கைக்கு மாறியது. அப்போதே முறை பேசத் தொடங்கிவிட்டார்கள். அடுத்தது நாவிதர், அதற்கடுத்தது எண்ணெய் ஆட்டுகிறவரின் மனைவி. நப்பூதனும் எயினியும் தழும்பனும் ஆமூரனும், தண்ணீர்த் தோண்டி சுமந்த நால்வரும் நண்பகலுக்குள் கணவாயில் ஏறினார்கள்.

முதல் கல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. இங்கே என்ன இருந்தது என்று நப்பூதன் கேட்டான். ஒரு கீரி இருந்தது என்றார் எயினி. அவர் காவியைக் குழைத்து நான்கு இழுப்பில் கீரியின் தலையை மட்டும் எழுதி, மூக்கை ஊர்ப்பக்கம் திருப்பிவிட்டு எழுந்தார்.

“உடம்பு?” என்றான் ஆமூரன்.

“முதல்ல எல்லாக் கல்லுக்கும் தலை. உடம்பெல்லாம் ஆள் கிடைச்ச பிறகு.” இரண்டடி நடந்தவர், திரும்பிக் கல்லை ஒருமுறை பார்த்தார். “ஆனா வெள்ளை மேல சிவப்பு நல்லா எடுக்குது. பாறையில இவ்வளவு எடுக்காது.”

ஆமூரன் முகம் மலர்ந்தது.

“நீ சந்தோஷப்படாதே,” என்றார் எயினி.

பொழுது சாயும்முன் ஒன்பது தலைகள் எழுதியாயிற்று. பத்தாவது கல்லருகே கழுதை விட்டை கிடந்தது. ஊர்ப்பக்கக் கிளையில் அல்ல. வறண்ட ஓடைக்கு இறங்கும் கிளையில். எயினி அதைக் காலால் புரட்டிப் பார்த்து, இரண்டு நாள் ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு எவரும் வேடிக்கையாகப் பேசவில்லை. அந்தக் கிளையில் கூவிக்கொண்டே இறங்கினார்கள். இருட்டும்வரை கூவியும் தங்கள் குரலைத் தவிர வேறு குரல் கேட்கவில்லை. முப்பத்தொரு கல்லுக்கும் தான் வெள்ளையடிக்க விட்டதை நப்பூதன் ஒவ்வொரு கூவலிலும் எண்ணினான்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு, ஓடையின் முடிவில் பாறை நிழலில் ஒன்பது பேரையும் கண்டார்கள். ஒன்பது பேரும் உயிரோடு இருந்தார்கள். நாக்கு வறண்டு பேச முடியாமல் இருந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கப்பட்டது. கழுதைகளில் இரண்டு இறந்திருந்தன. கூட்டத்தின் தலைவர் ஊற்றுத் தேடி இரவில் சரிவில் இறங்கி விழுந்து, வலது முழங்கால் நொறுங்கிக் கிடந்தார். பிழைத்துக்கொள்வார், இனி கழுதைக்குப் பின்னால் நடக்க முடியாது என்று தண்ணீர்த் தோண்டி சுமந்து வந்தவர்களில் எலும்பு கட்டத் தெரிந்த ஒருவர் சொன்னார்.

அவர் மனைவி நப்பூதனின் தலைப்பாகையைப் பார்த்து அவன் யார் என்று புரிந்துகொண்டாள்.

“கல்லெல்லாம் வெள்ளையா இருந்துச்சுய்யா. அரசரோட பூ போயிருக்குன்னு எங்களுக்கும் தெரிஞ்சுது. நல்ல நாளுன்னு கும்பிட்டுட்டுத்தான் வந்தோம். அரசர் பூ போன வழியில யாராச்சும் தொலைவாங்களான்னு நெனச்சு, தைரியமா நடந்தோம்.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.  அதற்கு மறுமொழி அரசருக்கு இருக்கக்கூடும் என்று கருதி, அவள் சொன்னபடியே நப்பூதன் இங்கே எழுதியிருக்கிறான்.

அவளுடைய கணவரை ஆமூரன் தன் முதுகில் சுமந்து ஊர்வரை கொண்டுவந்தான். வேறு எவரும் மாற்றிச் சுமக்க விடவில்லை.

மற்றவர்கள் இறங்கிய பின்னும் நப்பூதன் எயினியோடு கணவாயில் தங்கினான். மயில் இருந்த கல்லருகே அவர் தலையை எழுதி முடித்தபோது, தன் மனத்தை அரித்த கேள்வியைக் கேட்டான். மீதி இரண்டு வரிகளில் எது அவருக்குப் பொருந்தும் என்று படித்தவரை ஓலை சொல்லவில்லை. ஆனால் அவரே சொல்லட்டும்: இது கலையா, தொண்டா?

எயினி அதைப் பெரிய கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. கரியை அரைத்தபடியே பேசினார்.

“கழுத்தைத் திருப்பி எழுதினாலே வழி தெரிஞ்சிடும். அப்புறம் தோகை எதுக்குன்னு என் வீட்டுக்காரரும் கேப்பாரு. வெறும் கழுத்தை எழுதி வெச்சா ஆளுங்க நடந்துக்கிட்டே பாத்துட்டுப் போயிடுறாங்க. எந்தப் பக்கம் பாத்துச்சுன்னு மனசுல நிக்காது. தோகை இருந்தா நிப்பாங்க. நின்னாத்தான் கழுத்து கண்ணுல படும்.”

“அப்படியானால் தோகையும் தொண்டுதான்.”

“அப்படியும் சொல்லிட முடியாதுங்க.” அவர் சிரித்தார். “தோகை இல்லாத மயிலை எழுத எனக்குப் பிடிக்காது. அதுவும் இருக்கு.”

பேரரசர் அவையில் இருபது ஆண்டு, எது கலை எது தொண்டு என்று பெரியோர் பிரித்துப் பேசக் கேட்டவன் நப்பூதன். அவர்கள் சொன்னது தவறு என்று சொல்லும் தகுதி அவனுக்கு இல்லை. ஆனால் அவர்களில் ஒருவரும் அந்தக் கல்லின் முன் நின்றதில்லை. நின்ற ஒருவன், விதிக்குக் கண் இல்லை என்று சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறினான்.

இன்று படிப்பு நின்ற ஆறாம் நாள். முப்பத்தொரு கல்லிலும் தலைகள் எழுதியாயிற்று. பதினொன்றுக்கு உடம்பும் ஆயிற்று. வருகிற மழையில் எல்லாம் கரையும், மறுபடி எழுதவேண்டும். எயினியின் அண்ணன் மகள்கள் இருவர் கூடவே போய்ப் பழகுகிறார்கள். அவர்கள் எழுதும் உயிர்கள் இப்போதே தழும்பனின் மானைவிட நன்றாக இருக்கின்றன, ஆனாலும் தனியே விட இன்னும் சில மழைக்காலம் ஆகும் என்கிறார் எயினி. அவர் கையை எவரும் பூட்டி வைக்காதவரை அது நடக்கும்.

ஓலை ஊரில் நலமாக இருக்கிறது. இரவும் பகலும் கை மாறி, இதுவரை நூற்றுக்கு மேற்பட்டவர் ஏந்திவிட்டார்கள். பால் கறக்கிறவர்கள் விடியற்காலை முறையைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். எழுத்தறியாத பலர், அரசர் ஓலை இவ்வளவு இலேசாகவா இருக்கும் என்று வியந்தார்கள். முழங்கால் உடைந்த உப்புக்காரரும் படுத்தபடியே ஒருமுறை ஏந்தினார். அவரிடம் கொடுக்கலாமா என்று பெருங்கொற்றனார் கேட்டபோது, அவரைவிட உரிமை உடையவர் எவரும் இல்லை என்று நப்பூதன் சொன்னான். அது அதிகாரம் மீறிய சொல்லானால் அதற்கும் அவன் பொறுப்பு.

பூவைத் திருப்பி அனுப்ப ஊர் விரும்பவில்லை. பூவைத் திருப்பிய ஊருக்கு மூன்று தலைமுறை பூ இல்லை என்பதை அவர்கள் அறிவார்கள். அதற்காக அஞ்சியும் அவர்கள் சொல்லவில்லை. தங்கள் எயினியின் தலையில் அந்தப் பூவைப் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் ஆசை. விதியை மீறவும் அவர்கள் விரும்பவில்லை. ஆகவே நடுவில் நிற்கிறார்கள், ஓலையைக் கையில் பிடித்தபடி.

நப்பூதன் பேரரசர் திருமுன்பு வைக்கும் விண்ணப்பம் இதுவே: கையைக் கட்டும் அந்த வரிகளை, எயினியின் பூ ஓலையிலேனும் அரசர் மாற்றி எழுதி அருளவேண்டும். ஒரு சொல் மாறினால் போதும். மாற்றுவது மரபுக்கு இழுக்கு என்று அவையோர் கூறலாம். மரபை எழுதியவர்களும் ஒருநாள் எழுதாமல் இருந்து பிறகு எழுதியவர்களே என்பதை மட்டும் அவன் தாழ்மையுடன் நினைவூட்டுகிறான். கற்களுக்கு வெள்ளையடிக்கச் சொன்னதற்கான தண்டனை அவனையே சேரட்டும்; ஆமூரன் கேட்டுத்தான் செய்தான். உப்புக்காரரின் குடும்பத்துக்கு உரியதை அரசர் அறிவார்.

ஓட்டன் தலைநகர் சேர நான்கு நாள், திரும்பி வர நான்கு நாள். அமாவாசைக்கு ஒன்பது நாள் இருக்கிறது. அரசர் எண்ணிப் பார்க்க ஒரு நாள் உண்டு.

மறு ஆணை வரும்வரை, முக்கவர்க் கணவாயின் எந்தக் கல்லிலும் எவரும், எந்தப் பூ வந்தாலும், எவர் பல்லக்கு வந்தாலும், சுண்ணாம்பு தொட்டு வைக்கலாகாது. இது அரசர் பெயரால் நப்பூதன் இடும் ஆணை. இதைக் கொண்டு வரும் ஓட்டனுக்கு வழியில் உள்ளோர் நிழலும் நீரும் தருக. அரசர் கண்பட்ட பின்பே இவ்வோலையின் முடிச்சு அவிழ்ந்ததாகக் கொள்க. மலைவாயில் ஊரவை நடுவே, ஊரார் அறிய, தேய்பிறை ஆறாம் நாள், பொற்பூ அதிகாரி நப்பூதன் முத்திரை.

முத்திரைக்குக் கீழே, யாரைப் பற்றிய ஓலையோ அவர் சொல் ஒன்று இடம்பெறவேண்டும் என்பது முறை. எயினி கணவாயில் இருந்ததால் நப்பூதன் ஏறிப் போய்க் கேட்டான். அவர் கல்லை விட்டுத் திரும்பாமல் சொன்னது:

“பூவை வாங்கிக்கிறேன்னு சொல்லுங்கய்யா. தலையில வெச்சுப் பாக்க எனக்கும் ஆசைதான். கையை மட்டும் எங்கிட்டயே விட்டுடச் சொல்லுங்க.”